ஸ்கேல் எழுதிய சார்ட்

கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் யார் பேனா கேட்டாலும் அவள் கொடுப்பாள். மூடியை மட்டும் கொடுக்க மாட்டாள். மூடி நம் கையில் இருந்தால்தான் பேனா வீடு திரும்பும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அதையும் மீறி ஒருவர் மொட்டைப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டால் போச்சு. ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய், "சார், மூடி இல்லாம மை காஞ்சிடும், குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கிக்கொண்டுதான் திரும்புவாள்.

டாக்டரம்மா அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல். கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு, இரும்பு ஸ்கேல் இல்லாத நாள் கிடையாது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கோணலாக ஒட்டியிருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மருந்துச் சீட்டு வைக்கும் பெட்டி, டோக்கன் அட்டை, 'செருப்பை இங்கே விடவும்' என்ற பலகை, எல்லாம் அவள் கைவேலை. அந்தச் செருப்புப் பலகையைப் பார்த்து, அச்சடித்ததா எழுதியதா என்று இரண்டு நோயாளிகள் பந்தயம் கட்டியதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. பெருமையா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். நன்றாகச் செய்தவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

வீட்டில் அவள் அலமாரியைத் திறந்தால் துணிமணி இருக்காது. சட்டைப் பெட்டி அட்டை, பழைய காலண்டரின் வழவழப் பின்பக்கம், பூப்போட்ட ஒட்டு நாடா, கடினம் முதல் மென்மை வரை வரிசையாக நிற்கும் பென்சில்கள், இன்னும் பிரிக்க மனசு வராத அழிரப்பர்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"வீட்டுக்குள்ள குப்பைத்தொட்டி வச்சிருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். குப்பைத்தொட்டிக்குள்ள வீட்டை வச்சிருக்கிறவ இவ ஒருத்திதான்!"

"கலை அது. உனக்கு எங்கே தெரியப்போகுது?" என்பார் அப்பா.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்பா ரொட்டி வேன் ஓட்டுகிறவர். ரொட்டிக் கம்பெனியில் மிஞ்சிய மெழுகுத்தாள் துண்டுகளைச் சுருட்டி மகளுக்குக் கொண்டுவருவார். மகள் பேனா வாங்கப் போனால் கூடவே போவார். கடையில் பேனாவைச் சோதித்துப் பார்க்கிற சிட்டையில் ஊரே கையெழுத்துப் போட்டுப் பார்க்கும். அவள் மட்டும் 'ழ' எழுதிப் பார்ப்பாள். "நேர்கோடு, வளைவு, கீழே போய்த் திரும்புற வால், எல்லாம் அந்த ஒரே எழுத்துல இருக்குப்பா. 'ழ'வுல திக்காத பேனா வேற எதுலயும் திக்காது." அப்பா உடனே கடைக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா? என் பொண்ணு!" என்பார். கடைக்காரர் பல முறை கேட்டதுதான், பாவம்.

அவருக்கு மகளுக்கு அடுத்த பெருமை அந்த வேன். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "கழுகுக் கண்ணு எனக்கு" என்று மார்தட்டுவார். சமீப காலமாக மட்டும், இருட்டுவதற்குள் வேனை நிறுத்திவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். கேட்டால், "இப்போ வர்ற தெருவிளக்கு எல்லாம் தரமே இல்லை" என்பார். லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வேறு வந்தது. கண் சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வேன், இல்லையென்றால் வீடு.

ஆஸ்பத்திரியில் இதற்கிடையே வேறொரு தலைவலி. சோதனை அறைச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துச் சார்ட் மஞ்சளடித்துப்போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. அதன் நடுவரிசையில் 'க', 'ட', 'ல' என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று எழுத்துகள். யார் அச்சடித்தார்களோ, புண்ணியவான்! முதல் எழுத்து தெரிந்துவிட்டால் போதும், கண் தெரியாதவரும் "கடல்" என்று முடித்துவிடுவார். பசியோடு வந்த ஒருவர் "கடலை" என்றே படித்தார்.

"இவங்க கண்ணால படிக்கலை ஸ்கேல், வாயால படிக்கிறாங்க" என்று டாக்டரம்மா நொந்துகொண்டார். "கடையில வேற கேட்டேன். அங்கேயும் இதே கடல்தான்."

"நான் எழுதித் தர்றேன் டாக்டர்."

"விளையாட்டில்லைம்மா. ஒவ்வொரு வரிக்கும் அளவு இருக்கு. ஒரு மயிரிழை கூடினாலும் சோதனை தப்பாயிடும்."

"மயிரிழைக்கும் ஸ்கேல்ல கோடு இருக்கு டாக்டர்" என்றாள் அவள். வாய்க்கொழுப்புதான், ஆனால் சொன்னது பொய்யில்லை.

டாக்டரம்மா வரிவரியாக அளவு எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு மேசை அவள் வசம் போனது. வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தமிழ் எழுத்துகளைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட வேலையா? 'ட' ஒல்லி, 'ண' குண்டு. 'ட'வைக் கால்வாசிக் கண் தெரிந்தவர்கூடச் சொல்லிவிடுவார். 'ப', 'ம', 'ய' மூன்றையும் பிரித்துச் சொல்லத்தான் பார்வை வேண்டும். ஆகவே ஒரே வரியில் ஒரே அளவு சிரமமுள்ள எழுத்துகள். பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எந்தச் சொல்லும் ஆகிவிடக் கூடாது. எழுதிய வரியை முன்னும் பின்னும் வாய்விட்டுப் படித்து, ஏதாவது அர்த்தம் வந்தால் அடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். "அர்த்தம் இல்லாம எழுத இவ்வளவு பாடா?" என்று அம்மா வியந்தாள். வழவழ அட்டை, ஒளியை விழுங்குகிற கறுப்பு மை, பென்சில் கோடு அழித்த இடம் தெரியாத சுத்தம். உச்சியில் தனியாக, பெரிதாக, ஒரு 'ழ'.

டாக்டரம்மா அளந்து பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். "சும்மா சொல்லக்கூடாது ஸ்கேல், பிரமாதம்" என்று தன் கையாலேயே சுவரில் மாட்டினார். அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

முதலில் படிக்கப்போகிறவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் புதுச் சார்ட் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. வீட்டில் எழுதியதை ஏதோ அறிவிப்புப் பலகை என்று அவர் நினைத்திருந்தார். அன்று மாலையே அவர் லைசென்ஸ் காகிதத்தோடு வந்தார். வழக்கமாக மகளை அழைத்துப்போக வந்து, சோதனை அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்தானே. எல்லோருக்கும் தெரிந்த முகம். காத்திருந்த நோயாளிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா சார்ட்டுக்கு எதிரே தரையில் கிழித்திருந்த கோட்டில் நின்றார். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினார். டாக்டரம்மா "படிங்கப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் கணீரென்று ஆரம்பித்தார்.

"ட! ப, ம! க, ட, ல..."

மூச்சு விடாமல் அடிவரைக்கும் போனார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரு தடங்கல் இல்லை. முடித்துவிட்டு, எப்படி என்பது போல மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பெஞ்சில் இருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தாள். ஸ்கேலும் முதலில் சிரித்தாள். பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவர் படித்தது பழைய சார்ட். தினமும் மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஊரார் படிக்கக் கேட்டுக் கேட்டு நெட்டுருப் போட்ட சார்ட். சுவரில் இருப்பது மாறிவிட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா," என்றார் டாக்டரம்மா மெதுவாக, "இது புதுசு. பார்த்துச் சொல்லுங்க."

அப்பா கண்ணை இடுக்கினார். "ழ" என்றார். அடுத்த வரியைத் தடவித் தடவிச் சொன்னார். அதற்கடுத்த வரியில், "ப... இல்லை, ம... யவா?" என்று நின்றுவிட்டார். மறு கண்ணிலும் அதே கதை.

"எழுத்து சரியில்லைங்க டாக்டர்" என்றார். "மங்கலா எழுதியிருக்கு. மை பத்தலை போல. யார் எழுதினது?"

டாக்டரம்மா ஸ்கேலைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எழுத்துல ஏதாவது குறை இருக்கா? இருந்தா இதைக் கழட்டிட்டு வேற வச்சுப் பார்க்கலாம்."

அப்போதுதான் அப்பாவுக்கு அது யார் எழுத்து என்று புரிந்தது. அவரும் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. ஆமாம், கை நடுங்கிவிட்டது, மை மட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேன் தப்பிக்கும். அவர் மானம் தப்பிக்கும். அவள் சார்ட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தன் எழுத்தில் ஒரு பிழை இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஒன்றுகூட இல்லை. பாழாய்ப்போன கை, அப்படி எழுதித் தொலைத்திருந்தது.

"எழுத்து சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றாள்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேன் சாவியை அப்பாவே எடுத்து மகள் கையில் வைத்தார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் அப்பா. அவள் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பெற்ற அப்பனைச் சபையில் நிற்க வைத்துவிட்டோமே என்று ஒரு பக்கம். ரொட்டி வேன் முன்னால் யாராவது குழந்தை ஓடியிருந்தால் என்று மறுபக்கம். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவராகவே வாயைத் திறந்தார்.

"உண்மையிலேயே நல்லா எழுதியிருக்கியா?"

"ஆமாம்ப்பா. இதுவரைக்கும் நான் எழுதினதுலேயே அதுதான் நல்லது."

"எனக்குத் தெரியலையே பாப்பா" என்றார். "நீ நல்லா எழுதினது எனக்குத் தெரியலையே."

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா? ஊரை ஏமாத்தலாம், ரோட்டை ஏமாத்த முடியுமா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லு. அந்தச் சார்ட்டை நான் பார்க்கணும்" என்றார்.

முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மறு கண். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பார்வை மங்கினதை மறைச்சு வச்சிருந்தேன். என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. உள்ளே இருக்கே சார்ட், அவ எழுதினது. அதுகிட்ட பொய் சொல்ல முடியாது" என்று தண்டோரா போட்டார். தான் மாட்டிக்கொண்ட கதையை இவ்வளவு பெருமையாகச் சொன்ன மனிதரை அந்த ஆஸ்பத்திரி அதுவரை கண்டதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தாரா? உட்கார்ந்தால் காது சும்மா இருக்குமா? ஸ்கேல் உஷாரானாள். கடைசிச் சோதனைக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் வேறு எழுத்துகளில் இன்னொரு சார்ட் எழுதி மாட்டிவிட்டாள். எழுதும்போது கை என்னவோ அவள் பேச்சைக் கேட்கவில்லை. தெரியுமா, தெரியாதா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா கோட்டில் நின்றார். இந்த முறை அவசரப்படவில்லை.

"மறுபடி மாத்திட்டியா, திருடி!" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு நிறுத்தி நிதானமாக வரிவரியாக இறங்கினார். 'ப'வை 'ப' என்றார், 'ய'வை 'ய' என்றார். அடிவரியையும் முடித்தார். டாக்டரம்மா லைசென்ஸ் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்பா மட்டும் கோட்டை விட்டு நகரவில்லை. தலையைச் சாய்த்துச் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, கோவிச்சுக்காதே. நாலாவது வரியில மூணு சுழி 'ண' இருக்கு பாரு. கடைசிச் சுழி மத்த ரெண்டைவிட ஒரு பொடி சின்னது."

"இருக்காது" என்றாள் அவள் வெடுக்கென்று. அவள் எழுத்தில் குறை சொன்னவர் இதுவரை யாருமில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு விடுவிடென்று சுவரருகே போனாள். முதல் சுழியை அளந்தாள். இரண்டாவதை அளந்தாள். மூன்றாவதில் ஸ்கேலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன ஸ்கேல், சரியா இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தப்பா இருக்கு டாக்டர்!" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அப்பா சொன்னது சரி. தப்பாத்தான் இருக்கு!"