பாரம் விழும் தரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. நான் கதை தேடிப் போகவில்லை. என் வீட்டுக் கார் ஷெட்டின் தரைக்கு ஏதாவது நல்ல விரிப்பு கிடைக்குமா என்றுதான் போனேன். பழைய சிமெண்டு பொரிந்து போய், நடந்தால் காலில் மாவாக ஒட்டியது. கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். பளபளப்பான சதுரம் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்து, "இது எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று கேட்டார்.

"என்ன கார் சார் நிறுத்தப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"கார் இல்லைங்க. என் பொண்ணு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைக்காரர் வாயைப் பாதி திறந்தபடி நின்றார். நானும்தான். அவர் யார், அந்தப் பெண் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் செய்தி கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ஷெட்டின் கதவிடுக்கில் நுழைந்த ஒளி, தரையில் ஒரு

(வேண்டாம். ஒளி நுழைந்துவிட்டால் மனிதர்கள் நுழைய வெகு நேரமாகும்.)

இரண்டாம் தொடக்கம்: வாழ்க்கையில் தோற்றுப்போன அந்த மனிதர்

(யார் சொன்னது? கடையில் அந்தக் குரலில் இருந்தது பெருமை. அதைக் கெடுக்க நான் யார்?)

மூன்றாவதுதான் நின்றது: அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

2

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடளவு பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் வைப்பது அவர் வேலை. அவருடைய மகளுக்குப் பகலில் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. காலையில் கார் ஷெட்டில் பளு தூக்குவாள். வீட்டுக் காரை அவள் எப்போதோ தெருவுக்குத் துரத்தியிருந்தாள்.

கார் போனாலும் அது சிந்திய எண்ணெய் போகவில்லை. ஒருநாள் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிய நேரத்தில் அவள் பின்னால் வைத்த கால் அந்தக் கறையில் வழுக்கியது. பாரம் பின்னால் விழுந்து சிமெண்டில் பள்ளம் பறித்தது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கொஞ்சம் மாறி விழுந்திருந்தால்

(இந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

அவளுடைய அம்மா எலும்பு வார்டில் நர்ஸ். கைக்கட்டைப் பிரித்த அன்று சொன்னாள்: "தரையைச் சரி பண்ணாம இனிமே நீ அந்த ஷெட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது."

"சரி பண்ணிட்டா?"

"முதல்ல பண்ணு. அப்புறம் பேசலாம்."

(முதல் வரைவில் இந்த அம்மாவை மகளின் ஆசைக்குக் குறுக்கே நந்தி மாதிரி நிறுத்தியிருந்தேன். எழுதச் சௌகரியமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். நாளெல்லாம் முறிந்த எலும்புகளோடு புழங்குபவள் 'வேண்டாம்' என்று சொல்லவில்லையே, 'தரை' என்றல்லவா சொன்னாள்! அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.)

கை இன்னும் முழுசாகத் தேறாத மகள் அப்பாவைப் பார்த்தாள். தரை அவர் பொறுப்பாயிற்று.

3

கடையில் கொடுத்த மாதிரித் துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிரேன்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் அவற்றைப் பரப்பி, மகள் கம்பியில் மாட்டும் பளுத் தட்டுகளில் ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் போட்டார். டைல்ஸ் சுக்குநூறானது. எபாக்ஸி என்ற பிசின் பூச்சு பூசிய துண்டு கண்ணாடி மாதிரி மின்னியது. தட்டு விழுந்ததும் ஓரம் பெயர்ந்துகொண்டது. ஒன்றோடொன்று கோத்துப் போடும் பிளாஸ்டிக் சதுரங்கள் முதல் அடியிலேயே சண்டைக்காரத் தம்பதி போலப் பிரிந்து போயின. தடித்த ரப்பர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் தட்டைத் திருப்பி எறிந்தது. அது எகிறிப் போய்ப் பூந்தொட்டியை உடைத்தது.

"தரையைப் பாருங்கன்னா வீட்டையே இடிச்சிடுவீங்க போலிருக்கே" என்றாள் அம்மா. பிறகு சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ரப்பர் மேல் ஊற்றினாள். வார்டுக்குப் போட்டுப் போகும் செருப்போடு அதில் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். "வழுக்கலை. இது தேறும்."

மகள் ஏறி நின்றாள். கண்ணை மூடினாள். "இல்லப்பா. இது அமுங்குது."

"அமுங்கட்டுமே. காலுக்கு மெத்துன்னு இருக்குமில்ல?"

"தலைக்கு மேல பாரம் இருக்கறப்போ தரை துளி அசைஞ்சாலும் நான் மொத்தமா ஆடிப் போயிடுவேன். நான் நிக்கற இடம் கல்லு மாதிரி இருக்கணும். பாரம் விழற இடம்தான் மெத்துன்னு இருக்கணும்."

கிரேன்காரர் குனிந்து ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். கிரேன் எத்தனை பலமானதாக இருந்தாலும் சரி, அது கால் ஊன்றிய மண் அமுங்கினால் எல்லாம் முடிந்தது. இதைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அதை இவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்காலால் படித்துச் சொல்கிறாள்!

அதற்குப் பிறகு தேர்வு சுலபமாயிற்று. மூவரும் உட்கார்ந்து எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவினார்கள். பள்ளத்தை அடைத்தார்கள். ஷெட் முழுக்கச் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு. நடுவில் மட்டும், வெறும் சிமெண்டின் மேல், அவள் நிற்க, பிளைவுட்டை அடுக்கித் திருகிய மேடை. அதன் இரு பக்கமும், தட்டுகள் விழும் இடத்தில், இன்னும் தடித்த ரப்பர்.*

(* திருகுகளின் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கதைக்கு இது தேவையில்லை. உங்களில் யாராவது செய்யப் போவதாக இருந்தால் தேவை.)

4

ஒன்றைச் சொல்லாமல் ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன். மகள் பளு தூக்கி அவர் பார்த்ததே இல்லை. போட்டிகளுக்கு அம்மாதான் கூடப் போவாள். காலையில் ஷெட் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் நடக்கக் கிளம்பிவிடுவார்.

இந்த இடத்தில் ஒரு விபத்தை எழுதினேன். துறைமுகத்தில் சங்கிலி அறுந்து, கீழே நின்ற அவருடைய நண்பர் மேல்

அந்த வரியை அடித்துவிட்டேன். ஒருவருடைய பயத்துக்குக் காரணம் காட்ட இன்னொருவரைக் கொல்ல வேண்டுமா? தொங்கும் பாரத்தின் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் சட்டம். யாராவது நின்றால் மணியடித்து விரட்டுவார். அவர் பெற்ற பெண்ணோ தினமும் தானாகவே போய்ப் பாரத்தின் கீழே நிற்கிறாள். இதற்கு மேல் காரணம் எதற்கு?

5

தரை தயாரான மறுநாள் ஷெட் கதவு திறந்தது. அவர் நகரவில்லை.

"நடக்கப் போகலையா?" என்றாள் மனைவி.

"தரை எப்படி இருக்குன்னு பார்க்கணும்ல?"

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

மகள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டாள். மேடையில் ஏறினாள். குனிந்து கம்பியைப் பற்றினாள்.

கம்பி எழுந்தது.

(இல்லை. 'எழுந்தது' போதாது. எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.)

கம்பியை இடுப்புவரை இழுத்து மேலே அனுப்பினாள். அது திரும்பி விழத் தொடங்குவதற்குள், அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு மீன் திரும்புகிற லாகவத்தில் அதன் கீழே போய் உட்கார்ந்து தோளில் ஏந்திக்கொண்டது. அவர் தொண்டைவரை 'விலகு' என்ற சொல் வந்து நின்றது. அவள் எழுந்தாள். மூச்சை நிறுத்தினாள். 'டப்' என்று ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, கம்பியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டாள்.

கம்பியின் இரு முனைகளும் துடித்தன. தட்டுகள் முனகின. அவள் மட்டும் அசையவில்லை. இரும்பால் கட்டிய, ஒரு தெருவையே நிழலில் போடக்கூடிய இயந்திரங்களை ஆயுசு முழுக்க ஓட்டியவர், இது எதில் ஓடுகிறது என்று தெரியாமல் நின்றார். அந்தக் கழுத்து, அந்தத் தோள், முறிந்து கூடிய அந்த மணிக்கட்டு. இவளையா காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தோம்? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் கையை விட்டாள்.

'தம்'.

தட்டுகள் லேசாகத் துள்ளி அடங்கின. அதிர்வு ரப்பருக்குள் கரைந்து, அவர் காலுக்கு வரும்போது யாரோ மெல்லத் தொட்டது போலிருந்தது.

"என்னை விட பாரம் அதிகமாம்மா இது?" என்றார்.

"உங்களை விட அதிகம்தான்பா. அம்மாவையும் சேர்த்தாத்தான் கஷ்டம்."

"என்னை எதுக்குடி இழுக்கறே?"

"இழுக்கலம்மா. தூக்கலாமான்னு பார்க்கறேன்."

அம்மா சிரித்துக்கொண்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, எலும்பு எலும்பாக அழுத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

6

கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். அவள் போட்டியில் ஜெயித்து, அப்பா கூட்டத்தில் அழுவது: படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். மணிக்கட்டு மறுபடி வலித்து அவள் விட்டுவிடுவது: எழுதலாம், எழுதினால் அந்த அம்மா என்னை மன்னிக்க மாட்டாள். மூன்றாவது எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான். மூச்சு வாங்கி முடித்த மகள் கேட்டாள்: "அப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

அம்மாவைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டாள்.

அவர் சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது என் தைரியமாகவோ என் கோழைத்தனமாகவோ ஆகிவிடும். உங்களுக்கும் நேசிக்கும் ஆட்கள் இருப்பார்கள், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால் அவர் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பியைத் தாண்டி அந்த மேடையில் ஏறினார். அவள் நின்ற இடத்தில் அவள் மாதிரியே காலை அகட்டி நின்றார். பலகை அசையவில்லை. மெல்லத் தலையை நிமிர்த்தி, சற்று முன் அந்தப் பாரம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி, வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.