பெஞ்சில் உட்காராத மெக்கானிக்

பிரசவ வார்டுக்கு வெளியே நீளமான ஒரு பெஞ்சு கிடந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள், மெக்கானிக்கைத் தவிர.

அவன் காலில் சக்கரம் கட்டியவன்போல அலைந்துகொண்டிருந்தான். காலையில் மனைவிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு பெரியவரின் பையை மாடிவரை தூக்கிப் போனான். மருந்து வாங்கும் வரிசையில் தன் இடத்தை ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வால்பக்கம் போய் நின்றான். ரத்த வங்கியில் கையை நீட்டினான். பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும் ஸ்பேனரை எடுத்து, வார்டு வாசல் காவலாளியின் ஆடுகிற நாற்காலியை முடுக்கிக் கொடுத்தான். இப்போது தரையில் மல்லாந்து படுத்து, கீச்சுக் கீச்சென்று கத்தும் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ள, ஆஸ்பத்திரியா இது, உங்க ஒர்க் ஷாப்பா?" என்றாள் மாமியார். "வந்து உக்காருங்க. ரத்தம் வேற குடுத்திருக்கீங்க. தலை சுத்தும்."

"இதோ அத்தை, ஒரே ஒரு போல்ட்டு."

"ஆண்டவர் பாத்துக்குவாரு. கிருபைங்கிறது சும்மா கிடைக்கிறது."

"சும்மா கிடைக்கிறது சும்மாவே போயிடும் அத்தை."

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

போன தடவையும் இப்படித்தான் ஒரு பகல், ஒரு பெஞ்சு. அன்று அவன் உட்கார்ந்தான். கண் அசந்துவிட்டது. யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். குழந்தை தங்கவில்லை என்றார்கள். தான் உட்கார்ந்ததால்தான் போயிற்று என்று அவன் மனது ஒரு முடிச்சுப் போட்டது. ஆண்டவர் பார்க்கும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை பார்த்தால் வேலை செய்துகொண்டிருப்பேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லித்தானே வைத்திருக்கிறார்கள்?

கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அடுத்து என்ன என்று கண்கள் தேடின. தூணோரம் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தேம்பிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"உள்ள என் பொண்டாட்டி தம்பி. ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம். எங்க பாஸை என் அக்கா மாட்டிக்கிட்டு உள்ள போனவதான், வெளியவே வரல. ஒரு தடவை மூஞ்சியப் பாத்தாப் போதும்."

மெக்கானிக்கின் கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது. ஒரு பிரசவத்துக்கு ஒரே ஒரு பாஸ். நேரம் வந்ததும் கூப்பிடுவோம், இதைக் காட்டிவிட்டு உள்ளே வந்து மனைவி பக்கத்தில் நிற்கலாம் என்று நர்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தாள். மனைவியும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். "வேற ஒண்ணும் வேணாம். என் கையப் புடிச்சுக்கங்க, போதும்."

பை தூக்கியதெல்லாம் என்ன பெரிய புண்ணியம்? இதுவல்லவா புண்ணியம்! இதைப் பார்த்தால் ஆண்டவரால் மறுக்கவே முடியாது.

பாஸைக் கழற்றி வழுக்கைக்காரர் கழுத்தில் மாட்டினான். அவர் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"அடப்பாவி மனுஷா!" என்று மாமியார் எழுந்துவிட்டாள். "என்ன காரியம் பண்ணீங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. மனைவியின் குரல். தலைகால் புரியாமல் வாசலுக்குப் பாய்ந்தான்.

"பாஸ்?" என்றார் காவலாளி.

"இப்பதான் ஒருத்தருக்குக் குடுத்தேண்ணே. நீங்களும் பாத்தீங்கல்ல!"

"பாத்தேன். நல்ல மனசு. பாஸ்?"

"உங்க நாற்காலிய நான்தானே சரி பண்ணேன்!"

"அதான் ஜம்முனு உக்காந்திருக்கேன். பாஸ் இல்லாம விட்டா என் வேலை போயிடும் தம்பி."

"ரத்தம் குடுத்திருக்கேண்ணே! இதோ பஞ்சு!" என்று கையை நீட்டினான். காலையிலிருந்து செய்ததை எல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டும் கதவு ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. அவளோ உள்ளே தனியாக இருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"மெக்கானிக் யாரு?"

"நான்தான்! ஆனா பாஸ்..."

"பாஸையா கேட்டேன்? உள்ள ஒருத்தி என் புருஷன விடுங்கன்னு கத்தி வார்டையே ரெண்டாக்குறா. நீங்க அவ புருஷனா இல்லையா?"

"ஆமா."

"அப்புறம் என்ன? வாங்க!"

காவலாளி காலை மடக்கி வழிவிட்டார்.

மனைவி முகம் வியர்வையில் நனைந்திருந்தது. அவன் கையைப் பிடித்தான். அவள் பிடித்த பிடியில் அவன் எலும்பு நெரிந்தது.

"எங்க தொலைஞ்சீங்க?"

"உனக்காகத்தான்... நாலு நல்லது செஞ்சா, ஆண்டவர் இந்தப் புள்ளையவாவது..."

அவள் பல்லைக் கடித்து ஒரு வலியை விழுங்கினாள். பிறகு அவனை முறைத்தாள். "அவருகிட்ட நீங்க என்ன தினக்கூலிக்கா இருக்கீங்க? அவரு புள்ளைன்னுல்ல உங்கள நினைச்சேன்! அன்னைக்கு நீங்க தூங்குனதுக்கு அவரு புள்ளைய எடுத்துக்கிட்டாரா? அப்படிப்பட்டவரையா நாம கும்பிடுறோம்? பேசாம... ஐயோ அம்மா!"

"முக்கும்மா! தலை தெரியுது!" என்றாள் நர்ஸ். "இன்னொரு தடவை! இன்னும்! அவ்வளவுதான், அவ்வளவுதான்!"

மெக்கானிக்கின் கையில் ஸ்பேனர் இல்லை. தூக்கப் பை இல்லை. கொடுக்க எதுவும் இல்லை. வெறும் கை, அதுவும் அவள் பிடியில். உதடு மட்டும் அசைந்தது. ஆண்டவரே, என்னால் ஒன்றும் ஆகாது. ஆண்டவரே.

ஒரு கணம் சத்தமே இல்லை.

பிறகு வீல் என்று ஒரு குரல் கிளம்பியது. அறையே அதிர்ந்தது.

"பொண்ணு!" என்றாள் நர்ஸ். "தொண்டையப் பாரு, ஹாரன் மாதிரி!"

மெக்கானிக் சிரித்தான், அழுதான், இரண்டும் கலந்து விக்கினான். நர்ஸ் அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னாள். தாய்க்குத் தையல் போட்டு முடியும்வரை குழந்தைக்கு அப்பாவின் சூடு வேண்டுமாம்.

"நான் என்ன செய்யணும் சிஸ்டர்? எப்படிப் பிடிக்கணும்? ஆட்டணுமா? தட்டணுமா?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சாஞ்சு உக்காருங்க."

"உக்காரவா?"

"பின்ன, என் தலையிலயா நிப்பீங்க?"

உட்கார்ந்தான். நெஞ்சின் மேல் ஈரமான சின்ன உயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு அழுகையை நிறுத்தியது. அது யாருக்கும் எந்த உபகாரமும் செய்ததில்லை. வந்ததிலிருந்து கத்தியது மட்டும்தான். அதற்காக அவன் உயிரையே கொடுப்பான்.

வாசலில் வழுக்கைக்காரரின் குரல் கேட்டது. "அம்மா, தம்பி பாஸு..."

"நீங்களே வச்சுக்கங்க," என்றாள் மாமியார். "அவரு உள்ள போயிட்டாரு."

வராந்தாவில் ஏதோ ஸ்ட்ரெச்சர் கீச்சுக் கீச்சென்று போனது. பின்சக்கரம், இடதுபக்கம் என்று மெக்கானிக்கின் காது சொன்னது. விரல்கள் ஒரு முறை துடித்தன. குழந்தை கொட்டாவி விட்டது. அவனும் விட்டான்.

"தூங்கிடாதீங்க," என்றாள் மனைவி, கட்டிலிலிருந்து, சிரித்துக்கொண்டே. பதில் வரவில்லை. குறட்டைதான் வந்தது.