அண்ணை காட்டிய இடம்

உரும்பிராய்க்குப் பக்கத்துக் கிராமத்தில் வெங்காயப் பயிர் செய்யும் தர்சினியின் முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் காய்ச்சலில் இறந்தது. அது 2007. கணவர் அப்போது தடுப்பு முகாமில் இருந்தார். ஊரடங்கு தளர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவளுடைய அண்ணன் பரமலிங்கம்தான் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சுடலைக்குப் போனார். சிறுபிள்ளைகளை எரிப்பதில்லை, கிழக்கு மூலையில் புதைப்பார்கள். பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் இல்லாததால் தர்சினி அந்த இடத்தைக் கண்டதேயில்லை.

பதினெட்டு வருடம் கழித்து, அந்தச் சுடலையை மூடி விளையாட்டு மைதானம் ஆக்கப்போவதாகப் பிரதேச சபை அறிவித்தல் ஒட்டியது. சுற்றிவர வீடுகள் வந்துவிட்டன, இனி அடுத்த ஊர் மயானத்தைப் பாவிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆட்சேபனை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும்.

மூடுவதில் தர்சினிக்கு மறுப்பில்லை. பிள்ளைகளின் மூலையை மட்டும் கிண்டாமல் வேலி அடைத்து விடும்படி கடிதம் எழுதி, பிள்ளை புதைத்த பதினொரு வீடுகளில் கையெழுத்து வாங்கினாள். பரமலிங்கம் இப்போது சபை உறுப்பினர். கடிதத்தை அவரிடமே கொடுத்தாள். பிறகு இரண்டு தரம் கேட்டபோதும், சபையில் கொடுத்தாகிவிட்டது, யோசிக்க வேண்டாம் என்றார்.

சுடலை வாசலில் மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்ற காலை அவள் சபைக்கு ஓடினாள். எழுதுவினைஞர் கோவையைப் புரட்டிப் பார்த்து, ஆட்சேபனை ஒன்றும் வரவில்லை என்றார். தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று அவள் கேட்டாள். எழுதுவினைஞர் அண்ணனின் பெயரை வாசித்தார்.

பரமலிங்கம் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கேட்டபோது மறுக்கவில்லை.

"ஊருக்கு மைதானம் வேணும். கடிதத்தைக் குடுத்தா அலுவல் இழுபட்டுப் போம். பதினெட்டு வருசம், அங்கை இனி என்ன கிடக்கப் போகுது?"

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை. குடுத்திட்டன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவர் குனிந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.

"வந்து இடத்தைக் காட்டுங்கோ. உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

அன்றுதான் அவள் முதல்முறையாகச் சுடலைக்குள் கால் வைத்தாள். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். பரமலிங்கம் மதிலோரமாக நடந்து ஓரிடத்தைக் காட்டினார். பிறகு நாலடி தள்ளி வந்து, இங்கைதான் என்றார்.

"வடிவாத் தெரியுமோ?"

அவர் திரும்ப முதல் காட்டிய இடத்துக்கே போனார்.

எலும்போ துணியோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று மத்தியானம் வரை இரண்டு இடத்தையும் மண்வெட்டியால் பார்த்துப் பார்த்து வெட்டினாள். செம்மண்ணும் கல்லும்தான் வந்தன. அவர் மறந்துவிட்டார் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. தனக்குத் தெரியாவிட்டாலும் அண்ணைக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தாள்.

அதே கடிதத்தைத் திரும்ப எழுதித் தன் கையாலேயே சபையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மாதத் தவணை முடிந்துவிட்டது என்றார்கள். நாலு நாளில் மூலை முழுதும் மட்டமாகிவிட்டது.

மைதானத் திறப்பு விழாவுக்குப் பரமலிங்கமே அழைப்பிதழ் கொண்டுவந்தார். அவள் வாசல் படலையைத் திறக்காமல், மேலாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் சைக்கிளைத் திருப்பினார்.