மரக்கரி ஏற்றிய லொறி

மாத்தளை நகரத்து அச்சகம் ஒன்றில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பிழை திருத்துவது நஸ்மியாவின் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவள் கண் ஓயாது. மருந்துக்கடைப் பலகை, பஸ்ஸில் ஒட்டிய நோட்டீஸ், மதினி அனுப்பும் பெருநாள் வாழ்த்து, எதையும் விடமாட்டாள்.

அதிகம் மாட்டிக்கொண்டவன் அவள் கணவன் பஸ்லிதான். தம்புள்ளைக் காய்கறிச் சந்தையில் மரக்கறி எடுத்து மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவன். ஒருநாள், "மரக்கரி ஏத்தி முடிஞ்சிது" என்று வாட்ஸ்அப்பில் எழுதினான்.

"கரிய ஏத்தவா விடியக்காலம் எழும்பிப் போனீங்க? பெரிய 'றி' போடுங்க" என்று பதில் போனது.

"கடைக்காரங்க எந்த றின்னு பாத்து வாங்குறதில்ல" என்றான் பஸ்லி.

ஒரு மழைநாள். மணமகளின் பெயரை அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: "நாலந்தா பக்கம் லொறி கானுக்குல்ல சரின்சிருச்சி. பயப்பட வேனாம்."

"கானுக்குள்ள. சரிஞ்சிருச்சி. வேணாம்" என்று அனுப்பிவிட்டு நஸ்மியா அழைப்பிதழுக்குத் திரும்பினாள். இரண்டு வரி தாண்டியதும் பேனா நின்றது. செய்தியை மறுபடி வாசித்தாள். லொறி வீதியோரக் கால்வாய்க்குள் சரிந்திருக்கிறது. இரண்டு முறை அழைத்தும் பஸ்லி எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான்.

"அடி பட்டிருச்சா?"

"மொழங்கை கொஞ்சம் உரசியிருக்கு, வேற ஒண்ணுமில்ல. ஊர் ஆக்கள் கரட் பொறுக்கித் தாறாங்க."

"ஏன் போன எடுக்கல?"

"நீ சொன்ன பிழையத் திருத்திக்கிட்டு இருந்தன். இந்த 'ண' எங்க இருக்குன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள நீ திரும்பத் திரும்ப அடிக்கிற."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேசை டிலானி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்வரை அழுதாள்.

அதன் பிறகு நஸ்மியா எதையும் திருத்தவில்லை. "முல்லங்கி" வந்தது. "கத்தறிக்காய்" வந்தது. விரல் துடித்தாலும் "சரி" என்று மட்டும் அனுப்பினாள்.

ஒரு வாரம் பொறுத்த பஸ்லி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டான். "என்னோட கோவமா?"

"இல்லையே."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்ற இல்ல? மூட்டை ஏத்தி முடியுமட்டும் அங்க நிக்கணும். நீ ஏசுறத வாசிச்சாத்தான் எனக்கு நேரம் போகும்."

நஸ்மியா போனை எடுத்தாள். பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள். பஸ்லியின் போனில் "முள்ளங்கி" என்று வந்து விழுந்தது.

"சோறு ஆறுது" என்றான் பஸ்லி.

"பொறுங்க. இன்னும் செவ்வாய்க்கிழமையே முடியல்ல."