அங்குவாய் மரத்தில் முதல் வெட்டு

சஃபிசுவா கழுகுக் குஞ்சை வீட்டில் வைத்து வளர்த்தபோது எங்கள் ஏரிக்கரையில் சிரிக்காத ஆளில்லை. அவள் புருஷனை இழந்தவள். தனியாகத் தோணி எடுத்துப்போய் வலை வீசுகிறவள். வீட்டில் இரண்டு ஆள் சாப்பாட்டுக்கு மீன் இருந்தால் ஒரு பங்கு அந்தக் குஞ்சுக்குப் போகும்.

அங்குவாய் என்று நாங்கள் சொல்லும் இந்த மீன்கழுகு இரண்டு முட்டை இடும். முதலில் பொரித்த குஞ்சு, பின்னால் வந்ததைக் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். தாய் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மடகாஸ்கர் முழுக்கத் தேடினாலும் இவற்றில் சில நூறுதான் மிச்சம். வேறெந்த நாட்டிலும் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றைச் சாகவிட சஃபிசுவாவுக்கு மனம் வரவில்லை. தம்பி சியாதினுவை மரமேற்றி, இளையதைக் கூடையில் இறக்கி வந்தாள். மனித முகம் பழகினால் அது பறவையாகப் பிழைக்காது என்று, துணியால் முகத்தை மூடிக்கொண்டு மீனை அரிந்து ஊட்டினாள்.

மூத்த குஞ்சு கூட்டிலேயே இருந்தது. அதற்கு இறக்கை இன்னும் முற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீவின் நடுவிலுள்ள மேட்டு நிலத்திலிருந்து ரபேரி என்ற மீன் வியாபாரி ஆட்களோடு வந்து இறங்கினான். மழைக்கு முன்னால் அவனுக்கு அடிமரத்தைக் குடைந்து செய்த பெரிய தோணிகள் வேண்டும். கரையிலேயே பருத்த மரம் கழுகுக் கூடு இருந்த மரம்தான். ஊர்த்தலைவர் மஹசுலு சம்மதித்துவிட்டார். அவர் சஃபிசுவாவுக்குத் தாய்மாமன்.

புளியமரத்தடியில் ஊர் கூடியது.

"மாமா, கூட்டுல குஞ்சு இருக்கு. மரத்த வெட்டக் கூடாது" என்றாள் அவள்.

வலை பின்னும் பெலாஹிக்கு வாய் சும்மா இராது. "ரெண்டு புருஷன் வச்சிருக்கிற பறவைக்கா இவ்ளோ வக்காலத்து?" என்றான். அந்தக் கூட்டில் ஒரு பெட்டையோடு இரண்டு ஆண்கள் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"ஆமாடா. ரெண்டு பேரும் தவறாம மீன் கொண்டு வர்றாங்க. உன் பொண்டாட்டிக்கு ஒருத்தன்தான் இருக்கான், அவன் என்னத்தக் கொண்டு வர்றான்?" என்றாள் சஃபிசுவா.

பெலாஹியின் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

ரபேரி சிரிக்கவில்லை. "கழுகு திங்கிறதாலதான் ஏரியில மீன் கொறஞ்சு போச்சு" என்றான்.

சஃபிசுவா விறுவிறுவென்று அவன் தோணிக்குப் போய் வலையை இழுத்துவந்து எல்லோர் காலடியிலும் போட்டாள். கண்ணியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. "இதுல தப்பிச்சு எந்த மீன்குஞ்சு வளரும்? கழுகு பசிச்சா ஒரு மீன் எடுக்குது. நீ ஏரியவே வழிச்சு எடுக்குற."

"போதும்" என்றார் மஹசுலு. "மரம் ஊர்ச்சொத்து. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"நானும் ஊருதானே மாமா? என்னக் கேட்டீங்களா?"

அவர் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரன் முதல் வெட்டு வைக்காமல் வெளியூரான் கோடரி எந்த மரத்திலும் படக் கூடாது. கோடரி பிடிப்பதில் சியாதினுவுக்கு மிஞ்சியவன் இல்லை. மறுநாள் காலை அவனைத்தான் நிறுத்தினார்கள். அவன் கோடரியை ஓங்கியபோது அக்கா முன்னால் வந்து மரப்பட்டையில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். மேலே பெட்டைக் கழுகு கத்திக்கொண்டே வட்டமிட்டது.

"வெட்டு. என் கையோட சேத்து வெட்டு."

"அக்கா, நகரு. மாமா சொல்லிட்டாரு."

"மாமா சொன்னாரு. கை உன்னோடதுதானே?"

சியாதினு ஓங்கியபடியே நின்றான். பிறகு கோடரியைக் கீழே போட்டான். கண்மூடித் திறப்பதற்குள் அவள் அதை எடுத்துச் சுழற்றி ஏரியில் எறிந்தாள். அந்தப் பக்கம் முதலைகள் கிடக்கிற மடு.

"வேணுங்கிறவன் குதிச்சு எடுத்துக்கோ!"

யாரும் குதிக்கவில்லை. ரபேரி தன் ஆளின் கோடரியைப் பிடுங்கி நீட்டி, "வேற யாராவது வாங்கய்யா, ஒரே ஒரு வெட்டு!" என்று கத்தினான். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடங்களை இறக்கிவைத்துவிட்டு, ஒருத்தர் பின் ஒருத்தராக மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தக் கோடரியை வாங்கி, தங்கள் மனைவிமார் மடியைத் தாண்டிப்போய் வெட்ட எங்கள் ஆண்களில் ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை.

தலைவர் சொல்லை மீறியதற்கு மஹசுலு அபராதமாக ஒரு மாடு கேட்டார். அவளிடம் இருந்ததே ஒன்றுதான். கயிற்றோடு கொண்டுவந்து அவர் வாசலில் கட்டினாள். "மாட்ட வச்சுக்கோங்க மாமா. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்." அவர் அவளைப் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை பிடிப்பதற்கு முன்பே மூத்த குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது. இளையதை அதே மரத்தில் சியாதினு கட்டிய பரணில் ஏற்றிவிட்டார்கள். பல நாள் அது எழும்பவில்லை. கீழிருந்து கழியில் நீட்டிய மீனைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு மத்தியானம் தத்தளித்து எழுந்து, நாணலில் விழுந்து, மறுபடி எழுந்து தண்ணீர்மேல் பறந்தது. சஃபிசுவா கூப்பிடவில்லை. முகத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

அதற்குள் ரபேரி கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போய், அங்கே கழுகுக் கூடு உள்ள ஒரு மரத்துக்குப் பேச்சு முடித்துவிட்டான் என்று செய்தி வந்தது. அவள் அவித்த மரவள்ளியை இலையில் சுற்றித் தோணியில் வைத்தாள்.

கரையில் நின்ற பெலாஹி, "அது நம்ம ஏரி இல்லையேம்மா! அங்க உன் பேச்ச யாரு கேப்பா?" என்றான்.

"இங்க மட்டும் கேட்டீங்களாக்கும்? வாயடிக்காம துடுப்ப எடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். சியாதினு தோணியைத் தள்ளிவிட்டுத் தானும் தாவிக்கொண்டான்.