பதினொன்றரைக் காய்ச்சல்

ஐந்தாவது விதிக்கு வந்ததும் பெரியம்மாவின் பேனா நின்றுவிட்டது. முதல் நான்கும் தங்குதடையில்லாமல் வந்திருந்தன. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று முழுதாக ஒரு நாள் கழிய வேண்டும். கண் சிவந்து பீளை தள்ளினால், மருத்துவர் சரியென்று சொல்லும்வரை வீட்டில் இருக்க வேண்டும். உடம்பில் புதிதாகத் தடிப்போ கொப்புளமோ தெரிந்தால், அழைத்து வருவதற்கு முன்பே போனில் சொல்ல வேண்டும். வெறும் மூக்கொழுகலுக்கு யாரும் பயப்பட வேண்டாம். மூக்கு ஒழுகாத குழந்தை இந்த வீட்டுப் படியை இதுவரை மிதித்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி எழுதினாள். ஐந்தாவது, காய்ச்சல். 'காய்ச்சல் இருந்தால்' என்று எழுதிய பிறகு, மீதி வாக்கியம் பின்பக்கத்தில் இருப்பதுபோலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. யாருக்கும் சொந்தப் பெரியம்மா இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதன்முதலாக இந்த வீட்டில் விட்டுப்போன குழந்தை அழுகைக்கு நடுவே அப்படிக் கூப்பிட்டது; அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது குழந்தைகளைப் பெற்றவர்களும், எதிர்வீட்டுக்காரர்களும், கிண்டல் பண்ணத் தோன்றும்போது கணவரும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்னறையில் ஆறு பாய். சுவரில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆறு கொக்கி, அவற்றில் ஆறு பை. அலமாரியின் மேல் ஒரு நீள நோட்டு. யார் எத்தனை மணிக்குத் தூங்கியது, யார் எவ்வளவு பால் குடித்தது, யார் யாரைக் கடித்தது, எல்லாம் அதில் ஏறிவிடும்.

அந்த நோட்டில்தான் பதினொன்றரைக் காய்ச்சல் அகப்பட்டது. ஆறு பேரில் ஒருத்திக்கு ஏன்குட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு வயது. சூரியனில் தொடங்கிச் செருப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஏன் கேட்பாள். சில நாட்களில் காலை ஏழரைக்கு அவள் நெற்றி ஜில்லென்று இருக்கும். வாயில் மட்டும் ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும். பழம் சாப்பிட்ட வாசனை அல்ல, காய்ச்சல் மருந்தின் வாசனை. பதினொரு மணிக்கு விளையாட்டை விட்டு ஒரு மூலையில் உட்காருவாள். பதினொன்றரைக்கு உடம்பு கொதிக்கும். அம்மாக்காரி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த மருந்து எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் பெரியம்மாவும் அந்த வாசனை மூக்கில் ஏறாததுபோல் இருந்துவிட்டாள். ஈரத்துணியால் துடைத்து, மடியில் போட்டுத் தட்டி, சாயங்காலம் அம்மாக்காரி வரும்போது, "கொஞ்சம் சூடு மாதிரி இருந்துச்சு" என்பாள். "அப்படியா? காலைல நல்லாத்தானே இருந்தா" என்பாள் அவள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடுவார்கள்.

போன மாதம் அப்படி வந்த ஒரு காய்ச்சல் வரிசையாக எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியாகச் சின்னதிடம் போய் நின்றது. சின்னது, மாதம் நிறையாமல் இரண்டு மாதம் முந்தியே பிறந்துவிட்ட குழந்தை. மூச்சு விடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிற குழந்தை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் வந்து சத்தம் போட்டிருந்தால்கூடப் பெரியம்மா தாங்கியிருப்பாள். அவர் கொக்கியிலிருந்து பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல பெரியம்மா. ஆனா ஏதாவது ஒரு முடிவு எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க, திரும்பக் கொண்டுவந்து மாட்டுறேன்."

அன்று முதல் அந்த வெறும் கொக்கி அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. விதி போட்டால் சின்னது வரும். ஏன்குட்டியின் அம்மாவுக்கு வேலை நிலைக்குமா தெரியாது. போடாவிட்டால் சின்னது வராது. ஒரு குழந்தைக்காக இன்னொரு குழந்தையைத் தாளில் அடித்து எழுத அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'காய்ச்சல் இருந்தால், மருந்தின் உதவியின்றி ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே அழைத்து வர வேண்டும். மருந்து கொடுத்துத் தணித்த காய்ச்சலும் காய்ச்சலாகவே கருதப்படும்.'

கணவர் தண்ணீர் மீட்டர் அளவு எடுக்கிறவர். நகல் எடுக்கத் தாளை வாங்கியவர் அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு தரம் படித்தார்.

"மத்ததெல்லாம் ஊருக்குப் போட்ட சட்டம். இது ஒரு வீட்டுக்கு எழுதின கடுதாசி மாதிரில்ல இருக்கு."

"நீங்க நகல் மட்டும் எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் வரச்சொல்லி முன்னறையில் பாய் விரித்துப் படித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை வாசிக்க எழுப்பிவிட்டதுபோல, ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு ஒரு மூச்சு விட்டுப் படித்தாள். ஐந்தாவதை மட்டும் ஒரே மூச்சில் படித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஏன்குட்டியின் அம்மா பாயின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரி, உங்களுக்கு முடியாம போனா என்ன பண்றது பெரியம்மா?" என்று லிஃப்ட் மெக்கானிக் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. "எனக்குப் படுக்க எங்க நேரம்?" என்று அவளும் சிரித்தாள். கையெழுத்துகள் ஆயின. திங்கட்கிழமை ஆறாவது பை தன் கொக்கிக்குத் திரும்பி வந்தது. அன்று முழுக்கப் பெரியம்மா சின்னதை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் மடியில் வந்து சாய்ந்துகொண்ட ஏன்குட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை, விளையாடிய களைப்பு என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் ஸ்ட்ராபெரி வாசனை வந்து நின்றது.

ஏன்குட்டி பையை மாட்ட உள்ளே ஓடப் பார்த்தாள். பெரியம்மா குறுக்கே குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது.

"எத்தனை மணிக்கும்மா குடுத்த?"

அம்மாக்காரி கையிலிருந்த சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி நூத்தியொண்ணு. காலைல குறைஞ்சிடும்னு பார்த்தேன். ஆறு மாசம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் பெரியம்மா."

"தெரியும்மா. இந்த மருந்து வாசனையும் ரொம்ப நாளாத் தெரியும்."

"இவ்வளவு நாள் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"இவ்வளவு நாள் இருந்தது என் தப்பு."

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் பெரியம்மா கதவை விட்டு விலகியிருப்பாள், அது இருவருக்குமே தெரிந்திருந்தது. "ஏம்மா திரும்பிப் போறோம்? பெரியம்மா ஏன் உள்ள விடல?" என்று கேட்டுக்கொண்டே ஏன்குட்டி தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அன்று பதினொன்றரை மணிக்குப் பெரியம்மா நோட்டை எடுத்தாள். எழுத ஒன்றுமில்லாமல் மூடிவைத்தாள்.

புதன்கிழமை விடிந்தபோது அவளுக்குத் தொண்டைக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. குளிர்கிறதே, ஜன்னலைச் சாத்தவில்லையோ என்று பார்த்தாள், சாத்தித்தான் இருந்தது. மணி ஏழு ஆகப் பத்து நிமிஷம். இன்னும் நாற்பது நிமிஷத்தில் முதல் குழந்தை வந்துவிடும். சமையலறையில் மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் தண்ணீர் பிடித்தாள். மனசு தன்பாட்டில் கணக்குப் போட்டது: இப்போது போட்டால் பதினொன்றரை வரைக்கும் தாங்கும். அப்புறம் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

தம்ளர் நிரம்பி வழிந்து கை நனைந்தது. குழாயை மூடத் தோன்றாமல் நின்றாள். இதேபோல் ஒரு சமையலறையில், இதே நேரத்துக்கு, மூடியில் மருந்தை ஊற்றி அளவுக்கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஒரு கை அவளுக்குத் தெரிந்தது. ஏன்குட்டியின் அம்மாவும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பாள்.

"என்ன, குழாயை அளந்து பார்க்கிறியா? அது என் வேலையாச்சே" என்று பின்னால் வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். தெர்மாமீட்டரை எடுத்து அவள் கக்கத்தில் வைத்தார். ஒலித்ததும், தெருவில் மீட்டர் மூடியைத் தூக்கி எண் படிக்கிற அதே முகத்தோடு ஜன்னலோரம் போய்ப் படித்தார்.

"நூத்தி ரெண்டு. மாத்திரையைப் போட்டுட்டுப் படு. ஆனா கதவைத் திறக்காத."

"எனக்குன்னு தாள்ல ஒண்ணும் எழுதலையேங்க."

"எழுதலைன்னாதான் என்ன, உனக்குத் தெரியாதா?"

அவளே ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். ஒரு அப்பா, "ஏழு மணிக்குச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார். அடுத்து லிஃப்ட் மெக்கானிக்கை அழைத்தாள்.

"எவ்வளவு காட்டுது?"

"நூத்தி ரெண்டு."

"சரி பெரியம்மா. உடம்பைப் பார்த்துக்குங்க. பாப்பா பையைக் கழட்டிடாதீங்க, அங்கேயே இருக்கட்டும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதில் இருந்தது. அடுத்து ஏன்குட்டியின் வீடு. அவளுக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, குழந்தைதான் வரப்போவதில்லையே. ஆனாலும் அழைத்தாள்.

"இன்னும் நூறுக்குக் கீழ இறங்கல" என்றது அந்தக் குரல். "நேத்தே லீவு. இன்னைக்கும் வரலைன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டார். பரவாயில்ல பெரியம்மா. நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"எனக்கும் காய்ச்சல்மா. அவளுக்கும் காய்ச்சல். இங்க வேற குழந்தைங்க யாரும் இல்ல. இனி யாருக்கு யார் ஒட்டவைக்க? கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போ."

"அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்." குரல் கொஞ்சம் கறாராகத்தான் வந்தது. "எல்லாரையும் வர வேண்டாம்னுட்டு என் பிள்ளையை மட்டும் வெச்சுக்கிட்டா நாளைக்கு நாலு பேர் கேட்க மாட்டாங்களா?"

கணவர் போனை வாங்கிக்கொண்டார். "இன்னைக்கு இது குழந்தைங்களை விடுற இடம் இல்லம்மா. பூட்டியாச்சு. பெரியம்மா வீடு. பெரியம்மா வீட்டுக்குப் பிள்ளை வர்றதுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"நீங்க வேலைக்குப் போகணுமே?"

"மீட்டர்ங்களா? எங்கயும் ஓடிப்போகாது, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. எட்டு மணிக்கு அவள் வந்தாள். மகளை இறக்கிவிட்டு, ஒரு சீட்டைக் கணவரிடம் கொடுத்தாள். அதில் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. நேரத்தின் அடியில் இரண்டு கோடு. பெரியம்மாவை ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கணவர் முன்னறையில் இரண்டு பாயை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார். ஏன்குட்டி தன் பையைத் தன் கொக்கியில் மாட்டினாள். அந்தக் கடைசிக் கொக்கியில் சின்னதின் பை தொங்கியது; நடுவில் நான்கு கொக்கிகள் வெறுமையாக இருந்தன.

"ஏன் யாரும் வரல?"

"எனக்கு உடம்பு சரியில்லடா கண்ணு."

"ஏன்?"

"உன் காய்ச்சல்ல கொஞ்சம் எனக்குப் பங்கு குடுத்துட்டல்ல, அதான்."

ஏன்குட்டி அதை யோசித்துப் பார்த்தாள். திருப்தியாகத்தான் இருந்தது போலும், அடுத்த ஏன் வரவில்லை. அவளும் சுருண்டு படுத்துக்கொண்டாள். சமையலறையில் கணவர் எதையோ உருட்டிவிட்டுத் தனக்குத்தானே திட்டிக்கொண்டார். பெரியம்மா தூங்கிப்போனாள். ஒன்பது வருஷத்தில் பகலில் அந்த அறையில் அவள் தூங்குவது அதுதான் முதல் தடவை.

விழித்தபோது சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றரை. தலைமாட்டில் ஏன்குட்டி உட்கார்ந்திருந்தாள். தனக்குச் செய்யப்படும் அதே முறைப்படி, முதலில் கையைப் பாவாடையில் துடைத்தாள், பிறகு உள்ளங்கையைப் பெரியம்மாவின் நெற்றியில் பதித்து, புருவத்தைச் சுருக்கிக் காத்திருந்தாள். கை கொதித்தது. நெற்றியும் கொதித்தது. எந்தச் சூடு யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் கையை எடுக்கவுமில்லை.