தெர்சாவின் மெட்டு

பீர்க்கடை மூலையில் ஞாயிற்றுக்கிழமை வாத்தியக் கூட்டம் அந்த மெட்டை எடுத்ததும் தெர்சா கோப்பையைக் கீழே வைத்தாள். அது அவளுடைய மெட்டு. கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஆம்ப்ரோஸ் அவளுக்கென்றே கட்டியது. அவன் செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. முன்பின் தெரியாத இந்த ஊரில், மீசையில் நுரை ஒட்டிய ஆட்களுக்கு இது எப்படித் தெரியும்? வாசித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல், பிடில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து கன்சர்டினா என்ற கைத்துருத்திப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்த வில்ஃபிடம் போய் நின்றாள்.

"இத எங்க பிடிச்சீங்க?"

"பிடிக்கிறதாவது! இது 'ஈரப் புல்வெளி'. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து மே மாசம் இங்க ஆடுறதுதான். ஏன் கண்ணு, முகமே செத்துப்போச்சு?"

"என் வீட்டுக்காரர் எனக்காகக் கட்டினது."

வில்ஃபுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "சரி, அவர் வாசிச்ச மாதிரியே வாசி. கேப்போம். ஏவரில், நீ ஆடும்மா."

அவர் மகள் காலில் சலங்கையோடு எழுந்தாள். தெர்சா கண்ணை மூடி வில்லை இழுத்தாள். முதலில் ஆத்திரம்தான். இத்தனை வருஷமும் புளுகியிருக்கிறானே, படுபாவி! பிறகு வைக்கோல் வாசனை வந்தது. கல்யாணம் நடந்த களஞ்சியம், ஆப்பிள் மது, கூரைக்கடியில் மிதந்த தூசி, பிடிலுக்கு மேலாக அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்கள்.

சலங்கை தடுமாறியது.

"நிறுத்து, நிறுத்து," என்றாள் ஏவரில். "திரும்புற எடத்துல ஒரு தட்டு கூட வருதே. எனக்குக் கால் முட்டுது."

"மெட்டே அப்படித்தான்."

"எங்க மெட்டுல அது கெடையாது," என்றார் வில்ஃப். "யாருக்கோ காத்து நிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

தெர்சா வில்லை இறக்கினாள். சிறு வயதில் வண்டியிலிருந்து விழுந்து முடமான கால் அவளுடையது. எந்த ஆட்டத்திலும் திரும்புகையில் பிந்துவாள், பின்னால் வருபவர்கள் மோதுவார்கள், சிரிப்பார்கள். ஆம்ப்ரோஸ் வாசித்தபோது மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை. தனக்கு ஆட வந்துவிட்டது என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

"திருட்டுப்பய," என்றாள். கண்ணீர் பிடில் மேல் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

வில்ஃப் கன்சர்டினாவை விரித்தார். "உன் மாதிரியே போவோம். நீ முன்னால போ, கண்ணு."

மறுபடி அந்த இடம் வந்தது. வில் நின்றது. கன்சர்டினா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஏவரில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, சலங்கை ஒலிக்காமல், காத்து நின்றாள்.